புதன்கிழமைக்குள் முப்பத்தைந்து மணி நேரம்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடிப்பெருக்குக்கு இங்கிலாந்திலிருந்து வந்தோம், இன்னும் கிளம்பவில்லை. குடமுருட்டியில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. திண்ணையில் பாய் விரித்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து மகனை உட்கார வைத்திருக்கிறேன். அவனுக்குப் பதினொரு வயது, மூளை முடக்குவாதம். தெருவில் போகிற ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

2016-இல் இங்கிலாந்து போனபோது அவனுக்கு இரண்டு வயது. கணவரின் வேலை விசாவில் போனவர்கள் நாங்கள். அந்த விசாவில் இருக்கும்வரை அரசின் பணஉதவி எதையும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. மருத்துவமனையும் பள்ளியும் அந்தத் தடைக்குள் வராது. அது தெரியாமல் முதல் வருஷம் முழுக்கப் பிசியோதெரபிக்குக்கூட வாய் திறந்து கேட்கப் பயந்தேன். புதிதாகப் போகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்து வருஷம் கழித்து நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது. அப்புறம்தான் டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ் விண்ணப்பம் வந்தது. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான தொகை அது; பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் விண்ணப்பம் ஒரு புத்தகம் மாதிரி இருந்தது. ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் என்று கேட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். 11.40, புரட்டிப் படுக்க வைத்தது, பத்து நிமிஷம். 1.15, கால் இழுத்துக்கொண்டது, நீவிவிட்டது, முப்பத்தைந்து நிமிஷம். 3.30, படுக்கை ஈரம், விரிப்பு மாற்றியது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பெத்த புள்ளையப் பாத்துக்க கவர்மெண்ட்டுகிட்ட காசு கேப்பியாடி?" என்றாள். பத்து நாள் அந்த விண்ணப்பத்தைத் தபாலில் போடவில்லை.

அவனுக்குத் தொகை கிடைத்த பிறகு, பார்த்துக்கொள்கிறவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் இருப்பது தெரிந்தது. பிள்ளைக்கு அந்தத் தொகையின் பராமரிப்புப் பகுதி நடுத்தர அல்லது உயர் விகிதத்தில் கிடைக்க வேண்டும், நாம் வாரத்துக்கு 35 மணி நேரமாவது அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை தொடங்கிய கணக்கு புதன் ராத்திரிக்குள் 35-ஐத் தாண்டியிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வருஷமாக "சும்மா வீட்டில்தான் இருக்கேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

2023 கடைசியில் கணவருக்கு வேலை நேரம் குறைந்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு உதவியான யூனிவர்சல் கிரெடிட் கேட்க வேண்டி வந்தது. அந்த அக்டோபரில்தான் விதி மாறியிருந்தது: மூன்று முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை முக்கியமாகக் கவனிக்கிற பெற்றோர் வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்கவோ தேடவோ வேண்டும். எதிரே இருந்த அதிகாரி என்னையும் அதில் சேர்த்துவிட்டார். மகனுக்கு அந்த அலவன்ஸ் கிடைத்ததைச் சொல்லும் கடிதத்தை எடுத்து நீட்டினேன். இப்படிப் பிள்ளையை 35 மணி நேரம் பார்க்கிறவருக்கு வேலை தேடும் கட்டாயம் கிடையாது. திருத்தினார்கள். கடிதத்தை எடுத்துப்போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். தமிழ் அம்மாக்கள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது: அந்தக் கடிதம் பையிலேயே இருக்கட்டும்.

வேலையே பார்க்கக் கூடாது என்றில்லை. கணவருக்கு முழு வேலை திரும்பி யூனிவர்சல் கிரெடிட் நின்ற பிறகு, ஒரு பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் மதிய நேரம் போனேன். கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குகிறவர் அப்போது வாரம் 151 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூடுதலாக நின்ற வாரம் கொஞ்சம் தாண்டிவிட்டது. தாண்டிய தொகைக்கு மட்டும் பிடித்தால் நியாயம். அந்த வாரத்து அலவன்ஸ் 81.90 பவுண்டும் முழுசாகப் போய்விட்டது. 2025 ஏப்ரலில் வரம்பை 196 ஆக்கினார்கள். ஆனால் ஒரு பவுண்டு கூடினாலும் முழுசும் போகிற முறை அப்படியேதான் இருந்தது. பிள்ளை வளர்க்கிறவள் நாலு காசு சம்பாதிக்கப் பயப்படும்படி ஒரு விதி இருப்பது தப்பு.

இங்கே என் நாத்தனாரின் பெண்ணுக்குப் பதினேழு வயது, அறிவுசார் குறைபாடு. மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது. 2023 ஜனவரிக்கு முன்பு 1500. நாத்தனார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். நூறு நாள் வேலைக்கு அட்டையும் இருந்தது. பெண்ணை யாரிடம் விட்டுப் போவது? விட்டுவிட்டாள். வாசலில் குறுவை பச்சையாக நிற்கிறது. அவளுக்கு அதில் ஒரு நாள் கூலிகூட இல்லை. போன கூலியை யாரும் கணக்கில் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை.

கும்பகோணத்தில் ஒரு நோட்டு வாங்கி வந்து கொடுத்தேன். "ராத்திரி எழுந்திரிக்கிறதையும் எழுதணுமா அண்ணி?" என்றாள். அதைத்தான் முதலில் எழுதணும் என்றேன். மூன்று நாளாக எழுதுகிறாள். நேற்று ராத்திரிக்கு மட்டும் ஆறு வரி.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது, பெண்ணை இன்னும் சேர்க்கவில்லை. வரும் திங்கட்கிழமை தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். காப்பீட்டில் எப்படிச் சேர்வது, பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன உதவி உண்டு என்று கேட்க அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். நோட்டும் கூட வருகிறது.