இரண்டு கோப்பை

டிஸ்ஹானர்ட் என்கிற வீடியோ கேமில் மேசைமேல் ரெண்டு வைன் கோப்பை. ஒன்றில் விஷம். இன்றைக்கு ஒரு தம்பி அதை விளையாடும்போது, அந்த மேசை முன்னால் ரெண்டு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டான்.

2012இல் வந்த கேம். நகரக் காவல்படை கேப்டன் கர்னோவைக் கொல்ல, மதத்தலைவன் கேம்ப்பெல் வைத்த விஷம் அது. விளையாடுகிற நாம் தீர்க்கவேண்டிய இலக்கு அந்தக் கேம்ப்பெல்தான்.

சும்மா இருந்தால் கர்னோ சாவார்.
கோப்பையை மாற்றி வைத்தால் கேம்ப்பெல் சாவான்.
ரெண்டிலும் விஷம் கலந்தால் ரெண்டு பேருமே.

ரெண்டையும் கொட்டிவிட்டால்? இதுதான் அருமை. கேம்ப்பெல் திட்டத்தை மாற்றி, கர்னோவைக் கீழே ரகசிய அறைக்குக் கூட்டிப்போய் அங்கே தீர்த்துக்கட்டப் பார்ப்பான். நீங்கள் முந்திக்கொண்டு அங்கே காத்திருக்கலாம்.

கொல்லவே வேண்டாமா? மயக்கித் தூக்கிப்போய் விசாரணை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் மதத்துரோகி என்ற முத்திரையைச் சூடு போடலாம். அதோடு அவன் பதவி போச்சு.

ஒரு எச்சரிக்கை: மயக்கிய ஆளைத் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எலிக்கூட்டம் தின்றுவிட்டால் அது உங்கள் கொலைக்கணக்கில் சேரும். உயரமான இடத்தில் கிடத்துங்கள்.

'எதை வேண்டுமானாலும் செய்யலாம்' என்று எல்லா கேமும் சொல்லும். செய்ததை ஞாபகம் வைத்துக்கொள்கிற கேம் குறைவு. இதில் கொலை கூடக்கூட ஊரில் எலி பெருகும், எலி பரப்பும் கொள்ளைநோயில் விழுந்தவர்கள் பெருகுவார்கள்.

அளவுமீறிக் கொன்றிருந்தால், கடைசித் தீவில் இறக்கிவிடும் படகுக்காரர் சாமுவேல், நீங்கள் வருவதைக் காவலர்களுக்குத் தெரிவிக்க வானத்தைப் பார்த்துச் சுடுவார்.

அத்தனை நாள் கூடவே வந்த மனிதர்.