பெசெல் வரிசையில் ஒரு ஊழியம்

2022 மார்ச்சில் வார்சாவிலிருந்து எங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தின் குழு உக்ரைன் எல்லைப் பக்கம் கிளம்பியபோது, சூப் ஊற்றுவோம், போர்வை கொடுப்போம், ஜெபிப்போம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். சூப்பெல்லாம் ஊற்றினோம்தான். ஆனால் என் நேரத்தில் பாதிக்கு மேல் போலந்து அரசு அலுவலக வரிசைகளில், முக்கியமாகப் பெசெல் என்ற அடையாள எண் வாங்கும் வரிசையில் போனது. இப்படிப்பட்ட வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பதும் அதைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் போனது ஹெல்ம் என்ற ஊருக்கு. டோரோஹுஸ்க் எல்லைச் சாவடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். உக்ரைனின் கோவெல் நகரிலிருந்து வரும் ரயிலும் அங்கேதான் நிற்கும். போலந்தில் கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை. பாப்டிஸ்டுகள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவு. எல்லைக்கு அந்தப் பக்கம் உக்ரைனிலோ பாப்டிஸ்ட் சபைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் போர் தொடங்கிய பிப்ரவரி 24க்குப் பிறகு போலந்துப் போதகர்களின் போன் நம்பர்கள் கை மாறிக் கை மாறிப் போயின. நாங்கள் உதவப் போன சபையில் ஆராதனை மண்டபத்து நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு மடக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஞாயிறு காலையில் கட்டில்களை ஒதுக்குவார்கள், ஆராதனை முடிந்ததும் திரும்பப் போடுவார்கள்.

முதல் நாளே போதகர் எங்களை உட்கார வைத்துச் சில விஷயங்களைக் கறாராகச் சொன்னார். பாஸ்போர்ட் நகல் கொடுத்துப் பதிவு செய்தபிறகுதான் வேலை. வந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் உக்ரைனை விட்டு வெளியே வர அப்போது பொதுவாக அனுமதி இல்லை. ஆள் கடத்துகிறவர்கள் எல்லையில் சுற்றலாம் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அதனால் எந்த ஆணும் தனியாகக் கார் ஓட்டி அவர்களை அழைத்துப் போகக் கூடாது, கூட ஒரு சகோதரி இருக்க வேண்டும். அவர்களுடைய பாஸ்போர்ட்டை ஒரு நிமிஷம்கூட நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. கணவர் எங்கே என்று கேட்கக் கூடாது. ஜெபம்? அவர்கள் கேட்டால் மட்டும். எங்கள் குழுவில் இருந்த நாகர்கோவில் அண்ணாச்சி ஒரு கட்டு சுவிசேஷக் கைப்பிரதி கொண்டுவந்திருந்தார். “இது பைக்குள்ளேயே இருக்கட்டும் தம்பி” என்று அவரே என்னிடம் கொடுத்துவிட்டார்.

நன்கொடைத் துணிமணி மலைபோலக் கிடந்தது. உண்மையில் தட்டுப்பாடு புது உள்ளாடை, கனமான காலுறை, போன் சார்ஜர், உருட்டிக்கொண்டு போகிற பெட்டி இவற்றுக்குத்தான். ஏதாவது அனுப்பப் போகிறீர்கள் என்றால் முதலில் சபையில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சரி, வரிசைக்கு வருகிறேன். மார்ச் 12ஆம் தேதி போலந்து ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அன்றைக்கு அதன்படி உக்ரைனியர்கள் 18 மாதம் சட்டப்படி தங்கலாம், வேலை பார்க்கலாம் என்று இருந்தது. மார்ச் 16 முதல் அவர்களுக்குப் பெசெல் எண் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஆதார் மாதிரி, எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். கையில் பெசெல் இருந்தால்தான் அப்போது ஒருமுறை உதவித்தொகை 300 ஸ்லோட்டி (போலந்துப் பணம்), குழந்தைக்கு மாதம் 500 ஸ்லோட்டி கிடைத்தது. ஆனால் அப்போது இது ஒரு சங்கிலி. முதலில் போலந்து சிம் கார்டு வேண்டும். நல்லவேளையாக அப்போது இலவசமாகவே கொடுத்தார்கள். அந்த எண்ணை வைத்துப் பெசெலோடு சேர்த்து அரசு சேவைகளுக்கான இணையக் கணக்கும் தொடங்கிவிட வேண்டும். அப்புறம் வங்கிக் கணக்கு. குழந்தைப் பணத்துக்கு இணையத்தில்தான் விண்ணப்பம், பணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி வரிசைதான்.

கார்கிவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நான் போனேன். பாட்டி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். காகிதங்களை எல்லாம் ஒரு சமையல் புத்தகத்துக்குள் செருகி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார் பாட்டி. சின்னவனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான், அதுவும் முழுக்க உக்ரைன் எழுத்தில். விடியுமுன்பே போய் டோக்கன் வாங்கினோம். வெளியே பனி. எனக்குப் போலிஷ் அரைகுறை, உக்ரைன் மொழி சுத்தமாகத் தெரியாது. சபையில் பல வருஷமாகவே போலந்தில் வேலை பார்க்கும் உக்ரைன் சகோதரிகள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர்தான் படிவத்தை நிரப்பினார். என் வேலை இடத்தைப் பிடித்து நிற்பது, குழந்தைகளை உள்ளே சூடான நடைவழிக்கு அனுப்பிவிட்டு முறை வரும்போது கூப்பிடுவது, மொபைலில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்வது.

உள்ளே போனால் கைரேகை. 12 வயதுக்குக் கீழே என்றால் தேவையில்லை. பாட்டிக்கு ரேகை விழவே இல்லை. காலமெல்லாம் தோட்ட வேலை செய்த விரல்கள். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார்கள், கிரீம் தடவிப் பார்த்தார்கள், கண்ணாடியில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். நம்மூர் ரேஷன் கடை மெஷின் முன்னால் நிற்கும் ஆத்தாக்கள் முகத்தில் வரும் அதே சங்கடம் அவர் முகத்தில். ஏதோ தன் தப்பு என்பதுபோல ஒவ்வொரு தடவையும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். கடைசியில் அந்த அலுவலர் அம்மா எழுந்து சுற்றி வந்து, பாட்டியின் கையைத் தன் இரண்டு கையிலும் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, விரல் விரலாக வைத்தார். விழுந்தது.

வங்கியும் மற்றதும் அவ்வளவு கஷ்டமில்லை. உக்ரைன் பணமான ஹ்ரிவ்னா நோட்டை ஸ்லோட்டியாக மாற்றுவதுதான் ஆரம்பத்தில் பெரிய தலைவலி, நாணயமாற்றுக் கடைகள் தொடவே மாட்டேன் என்றன. மார்ச் கடைசியில் ஒரு பெரிய வங்கியில் ஆளுக்கு 10,000 ஹ்ரிவ்னா வரை மாற்ற ஏற்பாடு வந்தபோது எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

ஈஸ்டர் அந்த வருஷம் சபைக்கு இரண்டு தடவை வந்தது. ஏப்ரல் 17 போலந்துக்காரர்களுக்கு, 24 உக்ரைனியர்களுக்கு. பாஸ்கா ரொட்டி சுடச் சமையலறையைப் பெண்கள் முழுசாகக் கைப்பற்றிவிட்டார்கள். எங்களை உள்ளேயே விடவில்லை. அத்தனை வாரத்தில் அவர்கள் எங்களுக்குப் பரிமாறி நாங்கள் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் விருந்தாளி யார் வீட்டுக்காரர் என்ற கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் ரஷ்யப் படை கீவ் பக்கத்திலிருந்து விலகியதுமே சிலர் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஆபத்து இன்னும் தீரவில்லை என்று நாம் சொல்வது எடுபடாது. கணவர் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். இங்கேயும் 2022இல் ஒரு விதி இருந்தது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருந்தது: போலந்தை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெளியே போனால் இந்தச் சட்டப்படி கிடைத்த உரிமை போய்விடும், குழந்தைப் பணமும் நிற்கும். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குப் போகும் தேதியையும், எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்போம். இந்த வேலைக்குப் போகிறவர்கள் அதை மொழி தெரிந்த சகோதரிகளிடம் சொல்லி உக்ரைன் மொழியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் நேரத்தில் மொழிபெயர்ப்புச் செயலியைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது.