உப்பளத்து ஊரில் ஒன்றாம் வகுப்பு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சமூக அறிவியல் மூன்றாம் வகுப்பில்தான் தனிப் பாடமாக வருகிறது. ஒன்றாம் வகுப்புக்குச் சூழ்நிலையியல் உண்டு. அதற்கு ஒரு நேரம், தமிழ் வாசிப்புக்கு ஒரு நேரம் என்று கால அட்டவணை பிரித்து வைத்திருக்கும். வேதாரண்யம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. ஆறு வயதில் இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. பிள்ளைகள் தங்கள் ஊரைத்தான் வாசிக்க வேண்டும், வாசித்துத்தான் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் உப்பளம் அதிகம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவராக இருப்பார். அதனால் பாடநூல் எந்த எழுத்தில் தொடங்கினாலும், பலகையில் நான் சீக்கிரமே எழுதிவிடும் சொல் ‘உப்பு’. மூன்றே எழுத்து. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட அதை ஒரு படமாக மனதில் பிடித்துக்கொள்ளும். காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கி 2023 ஆகஸ்டில் தொடங்கி வைத்தது எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான். அதன் பிறகு தினமும் காலையில் என்ன சாப்பாடு என்பதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைக்கத் தொடங்கினேன். முதல் நாள் ‘உப்புமா’ என்று எழுதியதும், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று, “டீச்சர், உப்புமாவுக்குள்ள உப்பு இருக்கு!” என்று கத்தினாள். வகுப்பே பலகைக்கு ஓடி வந்தது. அன்று முழுக்க வேறு எதில் உப்பு இருக்கிறது என்று தேடல்தான். உப்பளம் கிடைத்தது. பருப்பில் ‘ப்பு’ மட்டும் இருக்கிறது என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். அப்புறம் கிச்சடி, பொங்கல் எல்லாம் தானாக வாசிப்புக்கு வந்தன. சாப்பாட்டுப் பலகையை வாசிக்கப் பிள்ளைகளை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. உப்பளத்துக்குப் போகிற அம்மாக்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். காலையில் பள்ளியில் என்ன கிடைக்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அதற்கும் முன்னால் பெயர் அட்டை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தடித்த அட்டையில் எழுதி வாசலில் ஒரு தட்டில் போட்டு வைப்பேன். உள்ளே வரும்போது தன் பெயரைத் தேடி எடுத்துச் சுவரில் உள்ள பையில் செருக வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. இன்றைய பிள்ளைகளின் பெயர்களில் ஷ, ஜ, ஸ, ஹ நிறைய. ஹரிஷ், தர்ஷினி, ஸ்ரீஜா என்றுதான் பெயர் வைக்கிறார்கள். பாடத்தில் அந்த எழுத்துகள் பின்னால் வரும். அதுவரை பிள்ளை தன் பெயரை வாசிக்காமல் காத்திருக்க முடியுமா? முடியாது, காத்திருக்கவும் வேண்டாம். தன் பெயரில் உள்ள ‘ஷ்’ஷை அடுத்தவள் பெயரிலும் பார்க்கும் பிள்ளை அதை ஒரு நாளில் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும்தான் உண்மையில் கஷ்டம். ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலி மட்டும் நடு எழுத்தில் தொடங்குகிறது. கண் போகும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் வேறு. கோகிலா என்றோ சோபனா என்றோ பெயருள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிடும். பெயர் அட்டைகளில் இன்னொன்றும் நடக்கிறது. இன்று யார் வரவில்லை என்று தட்டில் மிச்சமிருக்கும் அட்டையைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்கிறார்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்கள். சமூகம் என்பதில் அதுவும் சேர்த்திதானே.

குடும்பப் பாடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்பேன். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நான்கு பேர் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைக் காட்டி, உன் குடும்பத்தை வரை என்று சொல்வது எளிது. எங்கள் பிள்ளைகளில் அப்பா வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டு, அப்பா இல்லாதவர்கள் உண்டு, அம்மாயி வீட்டில் வளர்கிறவர்கள் உண்டு. அதனால் நான் கேட்பது வேறு: “ராத்திரி யார் யாரோட உட்கார்ந்து சாப்பிடுவீங்க?” எல்லாரிடமும் இதற்குப் பதில் இருக்கிறது. வட்டமாக ஒரு பாய் வரைந்து, அதைச் சுற்றி அந்த ஆட்களை வரையச் சொல்வேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் அப்பாயி, சித்தி, தாத்தா, பாப்பா என்று நான் எழுதித் தர, பிள்ளை வாசித்துக் காட்டும். பூனையையும் சேர்த்து வரைந்த பிள்ளைகள் ஏராளம். பூனையின் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதேபோல ‘நமக்கு உதவுவோர்’ என்று கடைகளில் ஓர் அட்டை விற்கும். தையல்காரர், முடி திருத்துபவர், சலவை செய்பவர், தபால்காரர், மருத்துவர் என்று வரிசையாகப் படம் இருக்கும். நகரத்தில் அது வெறும் வேலைப் பட்டியலாக இருக்கலாம். கிராமத்தில் அப்படி இல்லை. சில வேலைகளைச் சொன்னால் இங்கே ஒரு தெருவையே சொன்னதாக ஆகிவிடும். அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளை தலை குனிந்து உட்காருவதைப் பார்த்த எந்த ஆசிரியரும் அந்த அட்டையை மறுபடி சுவரில் ஒட்ட மாட்டார். எங்கள் வகுப்பில் வேலையின் பெயரை வைத்து ஆளை அடையாளம் சொல்வது கிடையாது. வேலையைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள், கையில் என்ன வைத்திருப்பார்கள், அந்த வேலையில் எது கஷ்டம், எது பிடிக்கும் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். மறுநாள் ஒவ்வொருவரும் சொல்லும் ஒரு வாக்கியத்தை ஒரு பெரிய தாளில் எழுதுவேன், கீழே பிள்ளை படம் வரையும். அந்தத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் வகுப்பின் சொந்தப் புத்தகம் தயார்.

“எங்க அம்மா பலகையால உப்பு இழுப்பாங்க. வெயில்ல உப்பு கண்ணு கூசும்.” அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு பக்கம் இது. பிள்ளை சொன்ன பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டுமா, திருத்தி எழுத வேண்டுமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் இரண்டையும் எழுதுவேன். மேலே பிள்ளை சொன்னபடி, கீழே ‘என் அம்மா பலகையால் உப்பை இழுப்பார்’ என்று. மேலே உள்ளதைப் பிள்ளையால் உடனே வாசிக்க முடிகிறது, ஏனென்றால் அது தன் வாயில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கீழே உள்ளதற்கு இறங்குகிறது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறோம். இந்தப் புத்தகத்தை அரும்பு நிலைப் பிள்ளை படம் பார்த்துச் சொல்லும், மலர் நிலைப் பிள்ளை கீழ்வரியை வாசித்துக் காட்டும். ஒரே புத்தகம் எல்லாருக்கும் ஆகிறது. கடையில் வாங்கிய கதைப்புத்தகங்களைவிட இதுதான் சீக்கிரம் கிழிகிறது. கிழிந்த பக்கங்களை ஒட்டுவதற்கு நான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

வரைபடம் சொல்லிக்கொடுக்க மணல் போதும். சூரியன் வரும் பக்கம் கடல், அது கிழக்கு என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். மைதானத்தில் பள்ளியைக் குறிக்க ஒரு செங்கல், கோவிலுக்கு ஒரு கல், ரேஷன் கடைக்கு ஒரு தீப்பெட்டி, நடுவில் கோலமாவால் சாலை. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு குத்தி வைப்போம். யாராவது ஒருவர் சீட்டை வாசித்து, “பால் சொசைட்டிக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டால் இன்னொருவர் நடந்து காட்ட வேண்டும்.

அடுத்து தபால். அஞ்சலட்டை இன்றும் 50 காசுதான். வகுப்பு முழுக்க வாங்கினாலும் ஒரு டீ காசுகூட ஆகாது. ஒரு பக்கம் படம், கூடவே ஒரு சொல் அல்லது ஒரு வாக்கியம். மறுபக்கம் சொந்த வீட்டு முகவரி. முகவரி என்பதே ஆறு வயதுக்கு ஒரு முழு சமூகப் பாடம்: பெயர், தெரு, ஊர், வட்டம், மாவட்டம். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த பின்கோடு ஆறு இலக்கம். ஒன்பது வரை எண் தெரிந்த பிள்ளை அதை வாசித்துவிடும். தமிழ்நாட்டில் எந்த ஊராக இருந்தாலும் முதல் எண் 6 என்று சொன்னதும், வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, சோப்பு உறை எல்லாவற்றிலும் முகவரி தேடிக் கொண்டுவந்து காட்டினார்கள். 6இல் தொடங்காத முகவரி கிடைத்தால் அது எந்த ஊர் என்று பெரிய சுவர்ப்படத்தில் தேடுவோம். அட்டைகளை எல்லாரும் வரிசையாகப் போய்ப் பெட்டியில் போட்டு வந்தோம். சில நாளில் தபால்காரர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். “என் பேருக்கு லெட்டர் வந்துச்சு டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். சில அம்மாக்கள் அந்த அட்டையைச் சாமி படத்துப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு பொட்டல நடை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்து கிளம்பி, ஏப்ரல் 30 அன்று எங்கள் வேதாரண்யத்தில் தடையை மீறி உப்பு அள்ளினார்கள். அந்த இடத்தின் நினைவாக அகஸ்தியம்பள்ளியில் ஸ்தூபி நிற்கிறது. பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், என்ன என்று தெரியாது. நம்ம ஊர் உப்பை நாமே அள்ளக் கூடாது, அள்ளினால் ஜெயில் என்று வெள்ளைக்காரர்கள் சட்டம் வைத்திருந்தார்கள் என்று சொன்னால், உப்பளத்துப் பிள்ளைகளுக்கு அது அநியாயம் என்று உடனே புரிகிறது. வேறு விளக்கம் தேவையில்லை. நடந்து வருகிறவர்களுக்கு யாரும் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது, மீறினால் தண்டனை என்று அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று தெரியாது. பசித்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது.

இதைக் கதையாகச் சொல்லி முடித்த மறுநாள், பள்ளி மரங்களில் காகிதப் பொட்டலங்களைக் கட்டி வைப்பேன். உள்ளே ஒரு பிடி வேர்க்கடலை, கூடவே ஒரு சீட்டு. முதல் சீட்டில் தஞ்சாவூர். அதை வாசித்தால்தான் தஞ்சாவூர் என்று பெயர் எழுதிய மரத்துக்குப் போக முடியும். அங்கே அடுத்த பொட்டலம். கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கடைசியில் வேதாரண்யம். திருத்துறைப்பூண்டி ஒன்பது எழுத்து, ஒன்றாம் வகுப்புக்குக் கொடுக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் தயங்கினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸின் நெற்றியில் தினமும் பார்க்கும் பெயர் அது. 2023இல் அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஸ்டேஷன் பலகையிலும் பார்க்கிறார்கள். ‘திரு’வையும் ‘டி’யையும் பிடித்து நடுவில் உள்ளதைத் தாண்டிவிடுவார்கள், பிறகு திரும்பி வந்து எழுத்து எழுத்தாகக் கூட்டுவார்கள். சீட்டை வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்குக் குழுவே உதவும். ஒருவருக்குத் தெரியாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பதுதான் ஒரே விதி, சேர்ந்து நடந்தவர்கள் இல்லையா. வேதாரண்ய மரத்தடியில் ஒரு தாம்பாளத்தில் கல்லுப்பு இருக்கும். ஆளுக்கு ஒரு பிடி எடுத்து உயர்த்திக் காட்டுவார்கள்.

நடை முடிந்து கடலை தின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: “பொட்டலம் கட்டினவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா டீச்சர்?” பெரும்பாலானவர்களின் பெயர் எங்கும் இல்லை என்றேன். “அப்ப அவங்க எங்க ஊர் அப்பாயிங்களாகூட இருக்கலாம்ல?” இருக்கலாம் என்றேன். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வருகிறேன் என்று போனவர்கள், அந்த நடையைப் பற்றி அல்ல, 2018 கஜா புயலில் யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள் என்ற கதைகளோடு வந்தார்கள். அதுவும் வகுப்புப் புத்தகத்தில் சேர்ந்தது. வரலாறு இந்த வயதில் இப்படித்தான் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். ஆண்டுகளை மனப்பாடம் செய்யப் பின்னால் எத்தனையோ வகுப்புகள் இருக்கின்றன.

ஐப்பசி மழை தொடங்கினால் பாத்திகள் நிறைந்துவிடும், உப்பளத்தில் வேலை இருக்காது. வீட்டுக்கு அது கஷ்ட காலம்தான். ஆனால் அப்போதுதான் அம்மாக்களால் பகலில் பள்ளிக்கு வர முடியும். இந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் தினமும் ஓர் அம்மாவை வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். கேட்க வேண்டியதைப் பிள்ளைகளே சீட்டில் எழுதி, வாசித்துக் கேட்க வேண்டும். எழுத முடியாதவர்கள் சொல்ல, மலர் நிலை அக்காக்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். இதுவரை சேர்ந்திருக்கும் சீட்டுகளில் சில: ‘தண்ணி எப்ப உப்பு ஆகும்?’, ‘கால் எரியுமா?’, ‘மழை வந்தா உப்பு எங்க போகும்?’, ‘உப்பு வித்த காசு யாருக்கு?’