செவலையின் இடது கண்

எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடை வாசலில்தான் தெருநாய் செவலை எப்போதும் படுத்திருக்கும். போன ஆடியில் ஒரு சாயங்காலம், விரட்டியும் எழுந்து போகவில்லை என்று கடைக்காரர் கொதிக்கிற எண்ணெயை ஒரு கரண்டி மொண்டு அதன் முகத்தில் ஊற்றிவிட்டார். நான் எதிரே வந்துகொண்டிருந்தேன். நாய் ஊளையிடவில்லை. குழந்தை வீறிடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் சுவரில் முட்டி முட்டி ஓடியது.

சாக்கைப் போட்டுப் பிடித்து, ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காதுக்குக் கீழே தோல் ஈரக் காகிதம் போல விரலோடு வந்தது. டாக்டர் கழுவி, மருந்து தடவி, "தினமும் கொண்டு வாங்கம்மா, இல்லைன்னா புழு வச்சிடும்" என்றார். இடது கண் போய்விட்டது. காயத்துக்கு என்ன காரணம், கண் பார்வை இழப்பு எல்லாவற்றையும் எழுதி ஒரு சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். அந்த ஒரு தாள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

மறுநாள் காவல் நிலையம். ரைட்டர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுக்கு அம்பது ரூபாதாம்மா அபராதம். இதுக்குப் போய் எஃப்ஐஆர் போட்டா எங்களை என்ன கேப்பாங்க?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அடிப்பது, உதைப்பது, துன்புறுத்துவது போன்ற பெரும்பாலானவற்றுக்கு நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூட முடியாது.

புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

தெரிந்த வக்கீல் தம்பி ஒருவர்தான் வழி சொன்னார். அந்தச் சட்டத்திலேயே 11(1)(எல்) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. விலங்கின் உறுப்பைச் சிதைப்பது அதில் வரும், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். அதோடு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு: விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 428-வது பிரிவில் விலங்குக்குப் பத்து ரூபாயாவது மதிப்பு இருக்க வேண்டும் என்று இருந்தது. புதிய பிரிவில் அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: மிருகவதைச் சட்டத்தில் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும். இழுத்தடித்தாலே போதும், வழக்கு செத்துவிடும்.

இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, சான்றிதழ் நகலோடு மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் எஃப்ஐஆர் பதிவானது. அதே நிலையம், அதே ரைட்டர். ஐந்து ஆண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மிருகவதைச் சட்டத்தில் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். அந்தக் கடைக்காரர் ஐந்து வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அவர் கையால் எத்தனையோ நாள் பஜ்ஜி வாங்கித் தின்றிருக்கிறேன், அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் ஐம்பது ரூபாய் என்று சட்டத்தில் இருக்கிற வரைக்கும் ரைட்டர் பேனாவை எடுக்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வர மாட்டார். ஜல்லிக்கட்டை வைத்து நாம் அத்தனை சண்டை போட்டோமே, அந்த 2014 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனை போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2022-ல் ஒரு வரைவு மசோதா வந்தது. கொடூரமான வதைக்கு 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதம், ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், நானும் எழுதிப் போட்டேன். இன்னும் சட்டமாகவில்லை.

தெருவில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "ஒரு நாய்க்காக ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கணுமா?" என்று நேராகவே கேட்டார்கள். எண்ணெய் ஊற்றியது நானில்லையே என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

செவலை இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடும். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, சாட்சி சம்மனும் வந்துவிட்டது. போன வாரம் எதிர்வீட்டு அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "நானும் அன்னிக்குப் பார்த்தேன். கோர்ட்டுக்கு வரணும்னா வரேன்" என்றார்.