தமிழ்ப் படம்: ஹீரோவை ஓட்டுனது சரி, விசிலடிச்ச நம்மள?

ஊர் பேரு சினிமாபட்டி. அங்க ஆம்பளப் புள்ள பொறந்தா உயிரோட விடமாட்டாங்க, ஏன்னா வளந்தா ஹீரோ ஆகணும்னு கெளம்பிடுவான். பொண் சிசுக் கொலைன்னு 'கருத்தம்மா' படத்துல பாத்து அழுத விஷயத்த அப்படியே தலைகீழா போட்டு சிரிக்க வச்சதுதான், தமிழ் சினிமாவையே ஓட்டி சி.எஸ்.அமுதன் எடுத்த 'தமிழ்ப் படம்' ஆரம்பம். 2010 ஜனவரில வந்த படம், இப்ப திரும்பப் பாத்தாலும் அந்த முதல் பத்து நிமிஷம் மட்டும் கொஞ்சம்கூட பழசாகல. சினிமா மோகத்த ஒரு ஊரே வியாதி மாதிரி பாத்து பயப்படுதுங்கறது சும்மா காமெடி இல்ல, செம நக்கல். ஒரு முழுப் படத்துக்குத் தாங்கும் அது.

ஆனா படம் அங்க நிக்கல. சைக்கிள் சக்கரம் சுத்துறதுக்குள்ள பையன் வளந்து மிர்ச்சி சிவா ஆயிடுறாரு, அதுக்கப்புறம் நக்கல் முழுக்க ஹீரோ மேலதான். அதுலயும் குறை சொல்ல முடியாத ஐட்டம் நெறைய இருக்கு. வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா, எம்.எஸ்.பாஸ்கர் மூணு பேரையும் காலேஜ் பசங்களா உக்கார வச்சு நகுல், பரத், சித்தார்த்னு இளம் ஹீரோக்கள் பேரா வச்சாங்க பாருங்க, பேரக் கேட்டாலே சிரிப்பு வரும். 'ஓ மஹசீயா' இன்னொன்னு. அர்த்தமே இல்லாத நாக்க முக்க, ரண்டக்க எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து வரிசையா கோத்து, அத ஹரிஹரன விட்டு உருகி உருகிப் பாட வச்சிருக்காங்க, கண்ண மூடிக் கேட்டா நிஜமாவே நல்ல மெலடி. ட்யூன் மொக்கையா இருந்திருந்தா அந்த காமெடி செத்துருக்கும், அதுக்கு மியூசிக் டைரக்டர் கண்ணனுக்குத்தான் கும்பிடு போடணும்.

சிவாவும் அதேதான். ஒரே ராத்திரில பரதநாட்டியம் கத்துக்கிட்டு வந்து ஆடுவாரே, ஒடம்பு என்னென்னமோ பண்ணும், மூஞ்சி மட்டும் பேங்க் க்யூல நிக்கிறவன் மாதிரி இருக்கும். காமெடி பண்றேன்னு தெரியாத மாதிரியே பண்றது எல்லாருக்கும் வராது.

செகண்ட் ஆஃப்தான் பிரச்சனை. ஒரே பாட்டுல கோடீஸ்வரன் ஆகறது வரைக்கும் ஓகே, அப்புறம் வரிசையா எந்த சீன் எந்தப் படத்துலேர்ந்துன்னு கண்டுபுடிக்கிற க்விஸ் ஆயிடுது. மூலப் படம் தெரிஞ்சா சிரிப்பு, தெரியலன்னா இவன் ஏன் இப்படிப் பண்றான்னு முழிக்கணும். இப்ப காலேஜ் படிக்கிற பசங்களுக்குப் பாதி புரியாது. கதைன்னு ஒண்ணு இல்லாத துணுக்குத் தோரணம், டிவில இதே மாதிரி படங்கள ஓட்டுன லொள்ளு சபா அரை மணி நேரத்துல முடிச்சதால தப்பிச்சுச்சு, இங்க இழுக்குது. ஹீரோவோட பாட்டியா வர்ற பரவை முனியம்மாதான், யாருன்னே தெரியாம இருந்த 'டி'ங்கற வில்லன்னு தெரியற எடத்துல மறுபடி கொஞ்சம் உசுரு வருது. ஹீரோயின் திஷா பாண்டேக்கு ஒரு வேலையும் இல்ல, மசாலா படத்துல ஹீரோயினுக்கு வேல இருக்காதுங்கறதத்தான் ஓட்டுறாங்கன்னு சமாளிக்கலாம், ஆனா அதையும் காமெடியா காட்டணும்ல?

எனக்கு பெரிய வருத்தம் வேற. இது கட்அவுட்டுக்கு பால் ஊத்துற நாடு, பால் முகவர்கள் சங்கமே அத நிறுத்தச் சொல்லிக் கேட்ட நாடு, திருச்சில குஷ்புவுக்குக் கோயில் கட்டுன நாடு. இவ்ளோ மேட்டர் கையில இருந்தும் ரசிகன்ங்கற ஆள் பக்கம் கேமரா பெருசா திரும்பவே இல்ல. ஹீரோ லூசு, டைரக்டர் லூசு, பாட்டு எழுதுறவன் லூசு, டிக்கெட் எடுத்த நாம மட்டும் புத்திசாலி. அதனாலதான் யாருக்கும் கோவம் வராம எல்லாரும் சேந்து சிரிச்சோம்னு தோணுது. தியேட்டர்ல சிவாவோட ஓப்பனிங் பாட்டு 'பச்ச மஞ்ச'க்கு விழுந்த விசில் இருக்கே, அது நக்கலுக்கு விழுந்த விசிலா, நிஜ ஹீரோவுக்கு விழற அதே விசிலான்னு எனக்கு வித்தியாசமே தெரியல.

2018ல வந்த ரெண்டாம் பாகம் அரசியல் பக்கமும் போச்சு. ஜெயலலிதா சமாதில ஓபிஎஸ் தியானம் பண்ணதையே போஸ்டரா அடிச்சாங்க, பாத்த உடனே குபீர்னு சிரிச்சேன். ஆனா படத்துல அந்த மாதிரி போஸ்தான் நெறைய. ஒருத்தர் உக்காந்த மாதிரியே இன்னொருத்தர் உக்காந்தா அது மிமிக்ரி, அவரு ஏன் அங்க போய் உக்காந்தாரு, அத ஊரே ஏன் வாயப் பொளந்து லைவ்ல பாத்துச்சுன்னு கேட்டிருந்தாத்தான் நக்கல். வில்லனா வர்ற சதீஷ் எத்தன கெட்டப் போட்டு என்ன, சினிமாபட்டி மாதிரி ஒரு ஐடியா அதுல இல்ல.