நான்கு நிறங்களும் ஒரு வெற்றுத்தாளும்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள் என்பதால், எங்கள் ராசாத்தி எப்போது குட்டி போடுவாள் என்று கணக்கிட்டு, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மாதக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். அவள் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, ஆனி மாதத்தின் முதல் வாரத்தில், நள்ளிரவில், மாடிப்படிக்குக் கீழே ஐந்து குட்டிகளைப் போட்டுவிட்டுக் களைத்துப் படுத்திருந்தாள். ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுப்பவன் வீட்டிலேயே தேதி தவறிப்போனதை அடுத்த மூன்று நாட்களுக்கு என் அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராசாத்தி ராஜபாளையம் நாய். உடம்பு முழுக்க வெள்ளை. மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. 2005-இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற குலம் இது என்று நான் பெருமையடிக்கும் போதெல்லாம், அஞ்சல்தலையில் வந்தவர்கள் வாசலோடு நின்றால் போதும், அடுப்படிவரை வர வேண்டியதில்லை என்று அம்மா தீர்ப்பளித்துவிடுவார். அந்தத் தீர்ப்பு எட்டு வாரத்தில் என்ன பாடுபட்டது என்பதுதான் இந்தப் பதிவு.

பிறந்த குட்டிகளைத் தினமும் எடை போட வேண்டும். எடை ஏறாமல் நிற்பதுதான் நோயின் முதல் அடையாளம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்தும் ஒரே வெள்ளையாக இருந்தால் எதை எடை போட்டோம், எதைப் போடவில்லை என்று எப்படித் தெரியும்? அச்சகத்தில் நாங்கள் உலகத்து நிறங்களையெல்லாம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கிற்குள் அடக்கிவிடுபவர்கள் என்பதால், அந்த நான்கு நிறங்களில் கம்பளி நூல் வாங்கி, நான்கு குட்டிகளின் கழுத்தில் தளர்வாகக் கட்டிவிட்டேன். கழுத்து தடிக்கத் தடிக்க நூலை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிக் கட்டும் வேலை ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுடையது. கடைசியாகப் பிறந்த, 320 கிராம் மட்டுமே இருந்த பெண் குட்டிக்கு நூல் கட்டவில்லை. அச்சில் வெள்ளைக்கென்று தனி மை ஊற்றுவதில்லை, தாளின் நிறமே வெள்ளை என்று நான் விளக்கியபோது, நான்கு நூலோடு காசு தீர்ந்துவிட்டது என்று நேராகச் சொல்லலாமே என்றாள் என் மனைவி.

பெயர் மட்டும் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வாங்கிப்போகிறவர்கள் தங்கள் விருப்பப்படி பெயர் வைப்பார்கள். நாம் ஒன்று சொல்லிப் பழக்கி, அவர்கள் வேறொன்று சொல்லி அழைத்தால் பச்சைப்பிள்ளை குழம்பிப்போகாதா? இந்த விதியை வீட்டில் எல்லோருக்கும் அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அம்மா உட்பட.

முதல் இரண்டு வாரத்தில் மனிதருக்கு அதிக வேலையில்லை. கண்ணும் காதும் மூடியே இருக்கும்; பாலூட்டுவது, நக்கிக் கொடுத்துச் சிறுநீரும் மலமும் கழிய வைப்பது எல்லாவற்றையும் தாயே பார்த்துக்கொள்ளும். பலகையில் ஒரு பெட்டி செய்து, தாய் திரும்பிப் படுக்கையில் குட்டி சுவரோடு சிக்கி நசுங்காமலிருக்க உட்புறம் நான்கு அங்குல உயரத்தில் ஒரு சட்டமும் அடித்திருந்தேன். பிறந்த குட்டியால் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால் அந்தக் கூடத்தில் மின்விசிறி போடக் கூடாது என்று நான் தடை விதித்ததுதான் பெரிய சண்டையாகிவிட்டது. ஆனி மாதத்துச் சிவகாசியில் விசிறியை நிறுத்தச் சொல்லும் ஒருவனைக் குடும்பம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதை எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உண்மையான சிக்கல் தாளில் வந்தது. பெட்டிக்குள் விரிக்கத் தாளுக்கா பஞ்சம் என்று நினைத்திருந்தேன். நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை இயந்திரம் துப்புகிற முதல் ஐம்பது நூறு தாள்கள் விற்பனைக்கு உதவாதவை. அவற்றில் ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மேல்தாளைப் புரட்டிப் பார்த்தார். வள்ளி தெய்வானையுடன் ஆறுமுகன்; நிறம் விலகி அடித்ததில் பன்னிரண்டு முகமாகத் தெரிந்தான். "எய்யா, இதையா நாய்க்கு விரிக்கப்போற?" என்று அவர் கேட்ட குரலில் கட்டு அப்படியே அச்சகத்துக்குத் திரும்பியது. அடுத்த கட்டு மகாலட்சுமி. அதற்கடுத்தது வேளாங்கண்ணி மாதா. அதுவும் ஆகாது என்றார். சிவகாசியில் தெய்வம் இல்லாத கழிவுத்தாளைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை இருபது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் அப்போதுதான் உணர்ந்தேன். கடைசியில் ஒரு மூலையில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலையும் ஏரியும் அச்சிட்ட இயற்கைக்காட்சித் தாள்கள் அகப்பட்டன. அவை வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்பதை யோசிக்கத் தவறிவிட்டேன். அது ஈரத்தைச் சொட்டும் உறிஞ்சாது. எழுந்து நிற்கப் பழகும் குட்டிகளின் பின்னங்கால்கள் அதில் வழுக்கி இருபுறமும் விரிந்து, ஐந்தும் ஏரியில் நீந்துவதுபோலக் கிடந்தன. இப்படியே விட்டால் கால் கோணலாகிவிடும் என்று மருத்துவர் கடிந்துகொண்ட பிறகு, படுக்கும் பக்கம் சாக்கும் அதன்மேல் பழைய நூல்சேலையும் விரித்து, ஆல்ப்ஸ் மலையை ஒரு மூலைக்கு ஒதுக்கினேன். மூன்றரை வாரத்தில், படுக்கையை விட்டு எழுந்துபோய் அந்த மூலையில் சிறுநீர் கழிக்க ஐந்தும் தாமாகவே கற்றுக்கொண்டன.

இரண்டாம் வாரத்தின் முடிவில் கண் திறந்தது. அதற்குச் சில நாட்களில் காது திறந்தது. மூன்றாம் வாரம் தொடங்கியதும் மருத்துவர் என்னை உட்காரவைத்து வகுப்பெடுத்தார். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம்வரை எதையெல்லாம் பயமின்றிப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, மிதிக்கிறதோ, அதையெல்லாம் நாய் தன் உலகத்தில் சேர்த்துக்கொள்ளும்; அப்போது காணாததைப் பின்னாளில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ராஜபாளையம் நாய் இயல்பிலேயே அந்நியரிடம் ஒட்டாதது என்பதால் இந்தப் பழக்கம் கூடுதல் அவசியம். பாதத்தைத் தொடுவது, காதைப் பார்ப்பது, வாயைத் திறப்பது, நகம் வெட்டுவது எல்லாம் இப்போதே பழக வேண்டும். தடுப்பூசி போடாத குட்டியைத் தெருவில் இறக்கினால் பார்வோ நோய் தொற்றும். ஆகவே தூக்கிக்கொண்டுதான் ஊரைக் காட்ட வேண்டும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கைகால் கழுவிய பின்னரே குட்டியைத் தொட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டபோது, நாற்பது வருடமாகத் தான் சொல்லிவந்ததைப் படித்த ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அம்மா மிகவும் மகிழ்ந்தார்.

நான் அட்டவணை போட்டேன். திங்கள் தலைக்கவசம், செவ்வாய் குடை, புதன் மிக்ஸியும் குக்கரும், வியாழன் தாடி. தாடிக்காக என் மைத்துனரை வரவழைத்தோம். தலைக்கவசம் அணிந்து நான் கூடத்துக்குள் நுழைந்தபோது குட்டிகள் மோந்து பார்த்துவிட்டு வாலாட்டின. பால்காரர்தான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். குடையை மெதுவாக விரிக்க வேண்டும் என்பது விதி. என் குடை பொத்தானை அழுத்தினால் பாயும் வகை. நான்கு குட்டிகள் பெட்டிக்குப் பின்னால் ஓடி, ஒரு நிமிடம் கழித்து வந்து துணியைக் கடித்தன. மைத்துனரின் தாடியை மெஜந்தா பிடித்துக்கொண்டு தொங்கியதில், உறவினருக்கும் நாய்க்கும் ஒரே நேரத்தில் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. வெடிச்சத்தத்துக்கு மட்டும் அட்டவணையில் இடம் ஒதுக்கவில்லை. எங்கள் ஊரில் அதை வலிந்து ஏற்பாடு செய்வது கடலில் உப்பைக் கரைப்பது போன்றது.

இந்தச் சத்தங்களில்தான், நூல் கட்டாத அந்தக் கடைசிக் குட்டி, எங்கள் வெற்றுத்தாளைப் பற்றிய கவலை எங்களைப் பிடித்தது. குடை பாய்ந்தபோது ஓடியவை நான்குதான். குக்கர் ஐந்து விசில் அடித்தும், எங்கோ ஒரு சரவெடி நீளமாக வெடித்து ஓய்ந்தும், இவள் சாக்கில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவரிடம் கேட்டால், வீட்டிலேயே முதலில் சோதித்துப் பாருங்கள், ஆனால் மற்ற குட்டிகளோடு வைத்துச் சோதிக்காதீர்கள், அவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும் என்றார். முகத்தருகே கைதட்டினால் காற்று பட்டுத் திரும்பும். தரையில் பாத்திரத்தைப் போட்டால் அதிர்வை உணர்ந்து திரும்பும். ஆகவே அதுவும் கூடாது. அவளைத் தனியறையில் விட்டு, முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று நான் விசிலடித்தேன், மகள் சாவிக்கொத்தைக் குலுக்கினாள், மனைவி எவர்சில்வர் மூடியைக் கரண்டியால் தட்டினாள். அவள் தன் வாலை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மூன்று நாள் இப்படி முயன்றோம். நான்காம் நாள், அவளை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, நம்மோடு இருக்கட்டும் என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அம்மா வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். வெற்றுத்தாள் எப்படியோ தாழ்வாரத்தடுப்பைத் தாண்டி வந்து, கோலத்தின் நடுப்புள்ளியில் உட்கார்ந்து, செய்யக் கூடாததைச் செய்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கக் கூடாதே என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு பிரியாமல், "சனியனே" என்றார். அடுத்த கணம் அந்தக் குட்டி சுழன்று திரும்பி, காது இரண்டும் பின்னால் மடிய, உடம்பே வாலாகி ஆட, அம்மாவின் காலடிக்கு ஓடிவந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

விசாரணையில் முழு உண்மையும் வெளிவந்தது. வாசலோடு நிற்க வேண்டிய குட்டி இரண்டு வாரமாக அடுப்படி நிலைப்படியில்தான் படுத்திருந்தது. மிளகாய் கிள்ளும்போதும் மாவாட்டும்போதும் நாளைக்கு இருபது தடவையாவது அம்மா அதைத் திட்டியிருக்கிறார். திட்டிய கையோடு, போய்த் தொலையட்டும் என்று ஒரு விள்ளல் இட்லியும் போட்டிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டும், உடனே தின்னக் கொடுக்க வேண்டும், குரல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குட்டிக்குப் பெயர் பழக்க இதைவிடச் சரியான முறை கிடையாது என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். காது நன்றாகக் கேட்கிறது என்று அவரும் சோதித்து உறுதிசெய்தார். விசிலையும் சாவிக்கொத்தையும் பின்தொடர்ந்து இட்லி எதுவும் வரவில்லை என்பதால் அவள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் குட்டி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பல் முளைத்துக் கூழ் குடிக்கத் தொடங்கியதுமே, முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டதே, கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளிடமும் தாயிடமும் கடிபட்டுத்தான் கற்கிறது, அதற்கு எட்டு வாரம் ஆகும் என்றேன், கேட்கவில்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது என்றேன்; சிரித்தார்கள். பின்னாலிருந்து அம்மா, "ஆடி மாசத்துல புது உயிரை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாகளா?" என்று கேட்டார். எல்லோரும் அடங்கிப் போய், ஆவணி முதல் தேதி வருகிறோம் என்று கிளம்பினார்கள். கணக்குப் பார்த்தால் ஆவணி பிறக்கும்போது குட்டிகளுக்கு எட்டு வாரமும் இரண்டு நாளும் ஆகியிருக்கும். பஞ்சாங்கமும் மத்திய அரசும் ஒத்துப்போன வேறொரு சந்தர்ப்பம் எனக்கு நினைவில்லை.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் வேலையில் நான் அச்சகத்திலேயே கிடந்ததால், முதல் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் மனைவியின் பொறுப்பாயின. ஆவணி பிறந்ததும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ஒவ்வொரு குட்டியோடும், தாயின் வாசனை ஏறிய சேலைத்துண்டு ஒன்றும், என்ன, எப்போது கொடுக்க வேண்டும் என்று எழுதிய தாளும் கொடுத்தனுப்பினோம். ராசாத்தி ஏங்கிப்போவாள் என்று பயந்தோம். ஊசிப்பற்களுக்குப் பயந்து பத்து நாளாகத் துவைகல்லின் மேலேயே குடியிருந்தவள், கடைசிக் குட்டி வண்டியேறியதும் இறங்கி வந்து, கால்களை நீட்டி, மாலைவரை உறங்கினாள்.

அந்தக் கடைசிக் குட்டி வெற்றுத்தாள்தான். சாத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வாங்கிப்போனார். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், சுத்த சைவம், வீட்டில் உரத்த சொல் கிடையாது. நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, குட்டி நல்லாத் திங்குது, விளையாடுது. ஆனா காது கேக்குமானுதான் சந்தேகமா இருக்கு. மகாலட்சுமி, மகாலட்சுமினு நாலு நாளா கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. உங்க வீட்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

நாங்கள் எந்தப் பெயரும் வைக்கவில்லை என்று, வார்த்தைக்கு வார்த்தை உண்மையான ஒரு பதிலைச் சொன்னேன். அதற்குள் அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி, சத்தமாகக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைக்கச் சொன்னார். அண்ணாச்சி வைத்தார். அம்மா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்படியில் பேசும் அதே குரலில், பல்லைக் கடித்தபடி, அந்தப் பெயரைச் சொன்னார்.

மறுமுனையில் எவர்சில்வர் தட்டு ஒன்று உருண்டது. மொசைக் தரையில் நகங்கள் வழுக்கும் ஓசை கேட்டது. பிறகு, போனுக்கு வெகு அருகில், மகிழ்ச்சி தாங்காத ஒரு குரைப்பு. சிறிது நேரம் வேறு சத்தமே இல்லை.

"அம்மா," என்றார் அண்ணாச்சி மெதுவாக, "இன்னைக்குச் சனிக்கிழமை. இப்பத்தான் கோயில்ல எள்ளு தீபம் போட்டுட்டு வந்து உக்காந்தேன்."