கெங்துங்கில் வைத்த விரல்

நம் சரித்திர ஆசிரியர் தொண்ணூறு வயதைக் கடந்து ரங்கூனிலேயே காலமானார் என்று சென்ற ஆடியில் தகவல் வந்தது முதல், அவர் என்னை ஒரு பாடவேளை முழுவதும் வரைபடத்தின் முன் நிறுத்திய நாளைத் தவிர வேறெதையும் நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுத வரவில்லை.

1961 பிப்ரவரி. தைவானிலிருந்து, பர்மாவுக்குள் தங்கியிருந்த சீனத் தேசியக் கட்சியான கோமிண்டாங்கின் படைக்குச் சரக்கு கொண்டுவந்த விமானத்தைப் பர்மிய விமானப்படை சுட்டு வீழ்த்தியிருந்தது. ரங்கூன் அமெரிக்கத் தூதரகத்தின் முன் எதிர்ப்புக் கூட்டம் திரண்டிருந்தது. என் சரித்திர நோட்டுக்கோ அந்தத் தூதரகம் இலவசமாகத் தந்த பத்திரிகையின் நடுப்பக்கம்தான் அட்டை: சோளக் காட்டில் சிவப்பு டிராக்டர். ஆசிரியர் அதை வகுப்புக்கே உயர்த்திக் காட்டிவிட்டு, வரைபடத்தில் பர்மாவின் கிழக்கே ஷான் மலையிலுள்ள கெங்துங்கில் விரல் வைக்கச் சொன்னார்.

“அங்கே இருக்கும் துப்பாக்கி யார் கொடுத்தது? தோட்டாவுக்குப் பணம் ஏது?”

நான் விழித்தேன், கடைசி வரிசை சிரித்தது. விரலை எடுக்கவிடாமல் அவரே சொல்லிக்கொண்டு போனார்: மாவோவிடம் தோற்ற படை 1950இல் யுன்னானிலிருந்து ஷான் மலைக்குள் இறங்கியது, சீனாவைத் தெற்கிலிருந்து தாக்க அமெரிக்க உளவுத்துறை அதற்கு ஆயுதம் கொடுத்தது, அந்தப் படையெடுப்பு தோற்றபின் அபினில் பிழைக்கக் கற்றது, 1953இல் பர்மியப் பிரதமர் ஊ நூவின் அரசு அமெரிக்க உதவியையே நிறுத்திவிட்டு ஐ.நா.வில் முறையிட்டது.

மீதிப் பாடத்தை நாடே நடத்தியது. கோமிண்டாங்கை விரட்டவென்று வளர்ந்த ராணுவம் 1962 மார்ச் 2 அன்று ஆட்சியையே எடுத்துக்கொண்டது. 1967 கலவரத்தில் ரங்கூன் சீனர்கள் வெட்டுப்பட்டபின், 1968 பிறந்த அன்றே, பெய்ஜிங் தன் பங்குக்குப் பர்மியக் கம்யூனிஸ்டுகளை ஆயுதத்தோடு எல்லை தாண்டி அனுப்பியது. 1989இல் அக்கட்சியின் வா இனப் படையினர் தலைவர்களைத் துரத்தினார்கள். சித்தாந்தம் போயிற்று, துப்பாக்கியும் அபின் பாதையும் அவர்களிடமே தங்கின. எல்லாப் பழியையும் அந்நியர்மேல் போடுவது தளபதிகளுக்கு வசதிதான். 1947இல் பாங்லாங் ஒப்பந்தத்தில் மலை மக்களுக்குக் கொடுத்த தன்னாட்சி வாக்கை ரங்கூன் காப்பாற்றியிருந்தால், வந்த துப்பாக்கிகளை ஏந்த இத்தனை கைகள் கிடைத்திருக்குமா?

1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போன ஆண்டிலேயே நாங்கள் மதராஸுக்குக் கப்பலேறிவிட்டோம். ஆசிரியர் போகவில்லை. பள்ளி அரசுடைமையான பிறகும், அரசு அச்சிட்ட புத்தகத்தை வைத்து அதே சரித்திரத்தைப் பர்மிய மொழியில் நடத்தினாராம். கெங்துங்கைப் பற்றி அதன்பின் வகுப்பில் எதைக் கேட்டார், எதைக் கேட்காமல் விழுங்கினார் என்று சொல்லக்கூடியவர்கள் நமக்குப் பின் படித்த மாணவர்கள். அவர்களில் ஒருவர்கூட நம் சங்கத்தில் இல்லை.